1001 யார்?

பூந்தமல்லி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவரும் அக்காவும் பங்குபோட்டுப் பயன்படுத்திய அரசு லேப்டாப் படுத்துவிட்டதாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் புது லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். அக்காவின் ஃபைல்கள் எல்லாம் இவர் பெயரில் நிற்கின்றன. இவருடைய ஃபைல்களுக்கு எதிரே பெயரே இல்லை. 1001 என்று ஒரு எண். அவற்றில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியவில்லை. வைரஸா என்று கேட்கிறார்.

இல்லை. லினக்ஸுக்கு முன்னோடியாக 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் தொட்டே இதுதான் வழக்கம். ஃபைலோடு உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான் பதிவாகும். எந்த எண் யாருடையது என்பது அந்தந்த மெஷினின் சொந்தக் கணக்கு. லினக்ஸின் டெபியன் குடும்பத்தில் முதலில் கணக்கு தொடங்குபவருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய லேப்டாப்பில் அக்கா முந்திக்கொண்டார். புதியதில் தம்பி மட்டும்தான். அதனால் அவரே 1000.

ஆவடி குவார்ட்டர்ஸ் சலவைக்காரர் காலருக்குள் அழியாத மையில் போடும் குறியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு என்றால் அவருக்கு மூன்றாவது லைன் வீடு. அதே சட்டை அம்பத்தூர் சலவைக்காரர் கைக்குப் போனால் வேறு யார் வீட்டுக் கொடியிலோ தொங்கும்.

ஃபைலின் மேல் இருக்கும் இந்தக் குறியை, அதாவது எண்ணை, மாற்றுகிற கட்டளைதான் 'சௌன்'. புது உரிமையாளர் பெயர், பிறகு ஃபைல் பெயர், அவ்வளவே. ஃபோல்டர் முழுவதற்கும் என்றால் 'மைனஸ் கேபிடல் ஆர்' சேர்க்க வேண்டும். ஆனால் லினக்ஸில் இதை 'ரூட்' என்கிற நிர்வாகிக் கணக்குதான் செய்யலாம். தன் ஃபைலைக்கூட ஒருவர் பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. முடிந்தால், தனக்கு ஒதுக்கிய இடம் நிறைந்ததும் மிச்சத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாமே!

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. அதுவும் டெபியன் வழிவந்ததே. லினக்ஸை இத்தனை பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள், இந்த உரிமைக் கணக்கைச் சொல்லித்தர ஒரு பீரியட் ஒதுக்கியிருக்கலாம். சொல்லித்தராததால்தான் 'பெர்மிஷன் டினைடு' வந்தவுடன் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்று தட்டி, ஊருக்கே கதவைத் திறந்துவிடுகிற பழக்கம் வளர்ந்திருக்கிறது.

வாசகர் தன் பழைய ஃபோல்டருக்கு மட்டும் சௌன் கொடுத்தால் போதும். ஃபோல்டர் பெயருக்குப் பதில், மொத்த சிஸ்டத்தையும் குறிக்கும் வெறும் ஸ்லாஷ் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழிக்கிற 'ஆர்எம்' கட்டளையாவது ஸ்லாஷைக் கண்டால் மறுத்து நிற்கும். சௌன் அப்படி மறுப்பதில்லை, மொத்த சிஸ்டத்தையும் மாற்றிவிடும். பதறிப்போய், ரூட்டின் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் 'சூடோ' அடித்தால் அதுவும் ஓடாது. சூடோவின் உரிமையாளர் ரூட்டாக இருந்தாக வேண்டும். இப்போது அதன் மேலும் 1000 என்று எழுதியிருக்கும்.