துப்பறியும் கதையும் தாய்மொழியும்

துப்பறியும் நாவல் என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். படிப்பைக் கெடுப்பது என்பது அவர்தம் தீர்ப்பு. இவ்வழக்கில் எதிர்த்தரப்புச் சான்றுகள் சிலவற்றை முன்வைக்க விழைகிறோம்.

1841-இல் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ எழுதிய கதையே இவ்வகைக்கு வித்து எனலாம். 1887-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை உலகிற்கு அளித்தார். அவ்வித்து கடல் கடந்தும் முளைத்தது. ஜப்பானில் 1923-இல் முதற்கதையை வெளியிட்ட எழுத்தாளர் ஒருவர், போவின் பெயரையே ஜப்பானிய ஒலியில் 'எடோகாவா ரம்போ' என மாற்றிப் புனைபெயராகச் சூடிக்கொண்டார்.

தமிழும் பின்தங்கிவிடவில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இலேயே 'தானவன்' நூலை வெளியிட்டார். பின்னர் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஒரு சாமியாரையே துப்பறிவாளராக்கினார். அந்தத் திகம்பர சாமியார் 1950-இல் நம்பியாரின் நடிப்பில் திரையிலும் உலவினார். முறை மேனாட்டினது; மாந்தரோ நம்மவர்.

தேவன் செய்தது இன்னும் வேடிக்கை. ஹோம்ஸின் கூர்மதியைத் தலைகீழாக்கி, அசட்டு பாங்கிக் குமாஸ்தாவான சாம்புவைத் துப்பறிய விட்டார். குமாஸ்தா வர்க்கத்தினராகிய நமக்கு அவனிடம் தனிப் பரிவு உண்டு! தமிழ்வாணன் சங்கர்லாலைத் தந்தார். 1968-இல் 'நைலான் கயிறு' தொடரில் வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்திய சுஜாதாவோ, பின்னர் நம் பெங்களூரிலேயே பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராய்ப் பணிபுரிந்தவர். கணேஷுக்கு வஸந்த் வந்து சேர்ந்ததும், ஹோம்ஸ்–வாட்ஸன் இணை தமிழ் பேசத் தொடங்கிற்று.

இனி நம் வீட்டுச் சான்று. ஜோகுபாளையத்தில் வளரும் நம் மகன் தமிழ் பேசுவான், படிக்க அறியான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமுமே. இரவுதோறும் சாம்புவின் கதையை அவனுக்குப் படித்துக் காட்டி வந்தோம். ஒருநாள் மர்மம் அவிழுமுன் இரவு டியூட்டிக்குப் புறப்பட நேர்ந்தது. காலையில் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டினால், விட்ட இடத்திலிருந்து 'ழ', 'ற', 'ண' எழுத்துக்களின் கீழெல்லாம் பென்சில் புள்ளிகள்! தாயிடம் கேட்டுக் கேட்டு, எழுத்துக் கூட்டி, முடிவுவரை தானே படித்திருக்கிறான். இக்குற்றத்தைத் துப்பறிய ஹோம்ஸ் வேண்டியதில்லை.

எத்தனையோ அறிவுரைகள் செய்யாததை ஒரு கதையின் முடிவறியும் ஆவல் செய்துவிட்டது. அன்பர்களே! பரண்மேல் கிடக்கும் பழைய பைண்டு புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வையுங்கள். மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.