கப்பல் ஏறுமுன்

கடல் கடந்து சென்று பிணி தீர்த்த கிறிஸ்தவ மருத்துவர்களைப் பற்றி நாம் படிக்கும்போது, அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த பின்பு செய்த பணிகளையே பெரும்பாலும் படிக்கிறோம். காட்டின் நடுவே ஒரு மருத்துவமனை, வாசலில் காத்திருக்கும் நோயாளிகள், விளக்கொளியில் நடைபெறும் அறுவை ஆகிய காட்சிகளே நம் மனத்தில் பதிகின்றன. அதற்கு முன்னே நடந்தவற்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். பயணச் செலவை யார் கொடுத்தார்? மருந்துப் பெட்டிகளை யார் கட்டினார்? ஓராண்டுக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்று யார் கணக்கிட்டார்? இவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் மருந்து தீர்ந்துபோன மருத்துவர் நோயாளியின் அருகில் நின்று வருந்தலாமே ஒழிய, வேறொன்றும் செய்ய இயலாது. ஆகவே ஆயத்தம் செய்வதும் பொருள் திரட்டுவதும் தொண்டின் முதற் பகுதியே என்பது என் கருத்து. அதை ஒருவருடைய வரலாற்றைக் கொண்டு மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

அவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். அந்நாளில் ஜெர்மனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஸாஸ் நாட்டில் 1875ஆம் ஆண்டு பிறந்தவர். முப்பது வயதுக்குள் தத்துவத்திலும் இறையியலிலும் பட்டம் பெற்று, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆசிரியராகவும் போதகராகவும் விளங்கினார். ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவியை வாசிப்பதில் வல்லவர். பாக் என்னும் இசைமேதையைப் பற்றி அவர் எழுதிய நூல் இசை உலகில் மதிப்புப் பெற்றது. இத்தகையவர், ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த காபோன் நாட்டில் ஊழியர் பஞ்சம் மிகுந்திருப்பதை 1904ஆம் ஆண்டு பாரிஸ் மிஷன் சங்கத்தின் இதழில் படித்தார். மறு ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், தாம் மருத்துவம் பயின்று அங்கே செல்லப் போவதாகப் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தார்.

நண்பர்கள் திகைத்தனர். அவருக்கு ஆர்கன் பயிற்றுவித்த வீடோர் என்னும் பேராசிரியர், படைத்தலைவன் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் போய்ப் படுத்துக்கொள்வதற்கு இதனை ஒப்பிட்டுக் கடிந்துரைத்தார். ஷ்வைட்சர் மனம் மாறவில்லை. பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்த தமக்கு, இனிப் பேசாமல் கைகளால் செய்யும் தொண்டே வேண்டும் என்று அவர் எண்ணினார். தாம் ஆசிரியராக இருந்த பல்கலைக்கழகத்திலேயே மாணவராக அமர்ந்தார். 1911ஆம் ஆண்டு இறுதியில் மருத்துவத் தேர்வில் தேறினார். அத்தேர்வுக்குரிய கட்டணத்தை ஓர் இசை விழாவில் ஆர்கன் வாசித்து ஈட்டினார். பின்னர் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் பாரிஸ் நகரில் தனியே பயின்றார். 1912ஆம் ஆண்டு அவரை மணந்த ஹெலன் அம்மையாரும் செவிலியர் பயிற்சி பெற்று அவருக்குத் துணையாக வரச் சித்தமாக இருந்தார்.

அறிவு ஆயத்தமாயிற்று, பொருள் ஆயத்தமாகவில்லை. ஷ்வைட்சர் சங்கத்தினிடம் சம்பளம் கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வேண்டிய பொருள்களையும் நடத்தும் செலவையும் தாமே கொணர்வதாக ஏற்றுக்கொண்டார். ஆகவே அறிந்தவர் வீடுகளுக்கெல்லாம் சென்று கேட்டார். விருந்தினராக வந்தவர் என்று எண்ணி முகம் மலர்ந்து வரவேற்றவர்களுள் சிலர், நன்கொடை கேட்க வந்தவர் என்று அறிந்தவுடன் குரல் மாறினர் என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். கைவிரித்தவர்களைவிடக் கைகொடுத்தவர்களே மிகுதி. தொண்டு நடக்கப் போவதோ பிரெஞ்சு நாட்டின் குடியேற்றப் பகுதியில். ஆயினும் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஜெர்மானியப் பேராசிரியர்கள் தாராளமாகக் கொடுத்தனர். அவர் போதித்த திருச்சபையின் எளிய மக்களும் கொடுத்தனர். பாரிஸ் நகரத்துப் பாக் சங்கத்தார் இசைநிகழ்ச்சி நடத்திப் பொருள் திரட்டித் தந்தனர்.

எவ்வளவு திரட்டினால் போதும் என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட அளவையும் நாம் கவனிக்க வேண்டும். பயணச் செலவு கிடைத்தவுடன் அவர் புறப்பட்டுவிடவில்லை. மருந்தும் கருவியும் வாங்கி, மருத்துவமனையை ஏறத்தாழ ஓராண்டு நடத்துவதற்குப் போதுமான பொருள் சேர்ந்து, அதன் பிறகும் உதவுவதாகச் செல்வ நண்பர்கள் வாக்களித்த பின்னரே, தம்மை மருத்துவராக ஏற்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொண்டார்.

அங்கும் ஒரு தடை எழுந்தது. அவருடைய இறையியற் கருத்துக்கள் சங்கத்தாருட் சிலருக்கு உடன்பாடில்லை. குழுவின்முன் நின்று விசாரணைக்கு உட்பட அவர் இசையவில்லை. உறுப்பினர்களைத் தனித்தனியே சென்று கண்டார். மருத்துவம் மட்டுமே செய்வேன், சமயக் கருத்துக்களைப் பொறுத்தவரையில் மீனைப்போல் ஊமையாக இருப்பேன் என்று உறுதி கூறினார். இன்னும் ஒன்று: அவர் ஜெர்மனியில் பட்டம் பெற்றவர். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் மருத்துவம் செய்யத் தனி அனுமதி தேவைப்பட்டது. அதையும் நண்பர்களின் துணையால் பெற்றார். அன்பு இருந்தாலும் அனுமதியில்லாமல் அயல்நாட்டில் ஒருவர் நோயாளியைத் தொடலாகாது என்னும் முறை இன்றும் மாறவில்லை.

பின்பு தொடங்கியது கடைக்குச் செல்லும் வேலை. நூல்களோடு பழகிய அறிஞர் இப்போது விலைப்பட்டியல்களைப் புரட்டினார்; நாள் முழுதும் கடைகளில் நின்றார்; வந்த சரக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; சுங்கச் சாவடிக்காகப் பெட்டி ஒவ்வொன்றிலும் உள்ளவற்றை எழுதினார். முதலில் இது சுமையாகத் தோன்றிற்று. ஆனால் இத்தகைய வேலையையும் மனம் ஊன்றிச் செய்தால் அதில் ஒரு கலையின்பம் உண்டு என்பதைப் பின்னர் உணர்ந்ததாக அவர் கூறுகிறார். இவ்வாறு 70 பெட்டிகள் நிரம்பின. கையில் 2000 மார்க் நாணயத்தைப் பொன்னாகவே எடுத்துக்கொண்டார். காகிதப் பணம் இருக்கப் பொன் எதற்கு என்று மனைவியார் வினவினார். போர் மூண்டால் பொன்னுக்கு மதிப்பு இருக்கும், காகிதப் பணத்தின் நிலையை எவர் அறிவார் என்பது அவர் அளித்த விடை. அது 1913ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் கப்பல் ஏறி, ஏப்ரல் நடுவில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனே என்னும் இடத்தை அடைந்தனர். மருத்துவருக்கு முன்பே அவர் வரும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. முதல் மூன்று வாரம் கடுமையான நோயாளிகள் மட்டும் வரலாம் என்று அறிவித்திருந்தும், மக்கள் திரளாக வந்தனர். பெட்டிகளோ இன்னும் வரவில்லை. கைப்பெட்டியில் இருந்த சிறிதளவு மருந்தைக் கொண்டே அவர் சமாளித்தார். கட்டடமும் ஆயத்தமாகவில்லை, பழைய கோழிக்கூண்டு ஒன்றே முதல் மருத்துவ அறையாயிற்று. மலேரியா, தொழுநோய், தூக்கநோய், குடலிறக்கம், ஆறாப் புண் என்று பலவகை நோயாளிகள் முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 பேர் வந்தனர். ஸ்ட்ராஸ்பர்க்கில் கட்டப்பட்ட பெட்டி ஒவ்வொன்றும் இங்கே ஓர் உயிருக்கு உறவாயிற்று.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போர் மூண்டது. ஜெர்மானியக் குடிமக்கள் என்பதால் ஷ்வைட்சரும் மனைவியாரும் காவலில் வைக்கப்பட்டனர். ஐரோப்பாவிலிருந்து வந்த உதவி குன்றியது; கடன் வளர்ந்தது. 1917இல் அவர்கள் பிரான்சு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடிந்தபின், 1920இல் சுவீடன் நாட்டில் சொற்பொழிவு ஆற்றியும் ஆர்கன் வாசித்தும் அக்கடனைத் தீர்க்க வழி கண்டார். 1924இல் மீண்டும் லம்பரேனே சென்றார். 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசின் பணமும் அங்கே தொழுநோயாளர் குடியிருப்புக்கே பயன்பட்டது. 1965இல் அங்கேயே காலமானார்.

இவ்வளவு நுட்பமாக ஆயத்தம் செய்தவரிடத்தும் ஒரு குறை இருந்தது என்று நான் கருதுகிறேன். நோயாளிகளின் மொழிகளை அவர் கற்றுக்கொள்ளவில்லை. ஜோசப் என்னும் ஆப்பிரிக்கர் மொழிபெயர்த்து உதவினார். முன்பு சமையற்காரராக இருந்த ஜோசப், நோயாளியின் உடலுறுப்புக்களை இறைச்சித் துண்டுகளின் பெயரால் குறிப்பிட்டதைப் படிக்கும்போது நகைப்பு எழுகிறது. ஆனால் அவர் இல்லையேல் மருத்துவருக்கு வாயில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆப்பிரிக்கரைத் தம்பியாகவும் தம்மைத் தமையனாகவும் ஷ்வைட்சர் கருதியதைப் பிற்காலத்தார் கண்டித்தனர். தம்பி என்றும் தம்பியாகவே இருப்பதில்லை அன்றோ? அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி தோன்றவில்லை.

இதே கிறிஸ்தவ மருத்துவத் தொண்டில் வேறு வழியும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் கற்றார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, அறுபதுக்கு மேற்பட்டவர்களை மருத்துவராகப் பயிற்றுவித்தார். இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அவர் 1873இல் தாயகம் திரும்பியபோது, அவருடைய மாணவர்கள் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்தனர்.

இந்நாளில் மருத்துவம் பயிலும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு அயல்நாட்டுத் தொண்டுக்குச் செல்கின்றனர். அதற்கு நன்கொடையும் திரட்டுகின்றனர். அவர்களுக்கு நான் கூறுவது இதுவே. விமானச் சீட்டுக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்நாட்டு அரசின் அனுமதியைப் பெறுங்கள். அங்குள்ள மருத்துவர்களிடம் எந்த மருந்து வேண்டும் என்று கேட்டபின் வாங்குங்கள். காலாவதியாகும் நாளைப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் இட்ட தையலை யார் பிரிப்பார், நீங்கள் தொடங்கிய மருந்தை யார் தொடர்ந்து கொடுப்பார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடர்ச்சிக்கும் சேர்த்தே பொருள் கேளுங்கள். அம்மக்களின் மொழியில், வலி எங்கே என்று கேட்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். நன்கொடை கேட்கக் கூசவும் வேண்டாம். கணக்குக் காட்டத் தயங்கவும் வேண்டாம். கொடுத்தவருடைய காசு கடைசி நோயாளி வரையில் சென்று சேர வேண்டும். அதற்கு உரிய வேலையைக் கப்பல் ஏறுமுன்பே செய்தாக வேண்டும்.