தப்பித்தால் ஜெயம்!

குட்டீஸ்... சரவணம்பட்டி சத்தி ரோட்டில், பள்ளி விட்டு வரும்போது யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வீர்கள்?

பிடித்தவரின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைச் சட்டென்று திருப்பி உருவுங்கள்; அங்கேதான் பிடி பலவீனம். கத்திக்கொண்டே, ஆட்கள் இருக்கும் கடைக்கு ஓடுங்கள்.

எதிரியை வீழ்த்துவது அல்ல, பத்திரமாகத் தப்புவதே தற்காப்பு! சிலம்பத்திலும், கம்பு சுற்றும் முன் காலடி பழக்குவர். அடி விழும் இடத்தை விட்டு விலகத்தான். ஆபத்தில் யோசிக்க நேரமிருக்காது. பழகிய கை, கால்தான் உதவும்.

தற்காப்புக்காகத் தாக்குவது குற்றமல்ல. ஆனால், தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்கிறது, 2023ல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா சட்டம்.

தெரிந்தவரே தொல்லை தந்தாலும் மறைக்காதீர்கள். தப்பு உங்களுடையது அல்ல! பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, 1098 இலவச எண்ணிலோ உடனே சொல்லுங்கள்.