வாயில் ஆறாத புண்ணா? சதைச் சோதனைக்குப் பயப்படாதீர்கள்

வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பார் மருத்துவர். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து நம்மவர்களில் சிலர் திரும்பிப் போவதில்லை. உண்மையில், நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

எடுத்த சதை என்னவாகிறது? முதலில் அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவுகிறார்கள். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். உயிரணுவின் கரு நீல ஊதாவாகவும், சுற்றுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். முடிவு வரச் சில நாள் ஆவது இதனால்தான்.

நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் தேடுவது ஒழுங்கை. நல்ல வாய்த்தோலில் அடி வரிசை உயிரணுக்கள் சிறியவை, நெருக்கமானவை. மேலே போகப் போக அவை அகன்று, மீன் செதில் போலத் தட்டையாகும். கருவும் சிறுத்துவிடும்.

நோய்க்கான மாற்றம் தொடங்கினால் இந்த ஒழுங்கு குலையும். கரு பெருத்துக் கறுக்கும். ஒன்று போல் ஒன்று இருக்காது. அடியில் மட்டும் பிரிய வேண்டிய உயிரணுக்கள் மேலேயும் பிரியும். இந்தக் குழப்பம் கீழ்ப்பகுதியில், மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் அது லேசான மாற்றம். மேல்வரை ஏறியிருந்தால் கடுமையானது. இவை இன்னும் புற்றுநோய் அல்ல. அடியில் உள்ள மெல்லிய சவ்வை உடைத்துக்கொண்டு உயிரணுக்கள் உள்ளே இறங்கினால்தான் புற்றுநோய்.

சாதாரண வீக்கத்திலும் உயிரணுக்கள் கொஞ்சம் உருமாறும். அதனால் சில வேளைகளில் இரண்டாவது மருத்துவரின் கருத்தையோ, மறுசோதனையையோ கேட்பார்கள். அப்படிக் கேட்டதும் கலங்க வேண்டாம்.

சவ்வைத் தாண்டும் முன்பே கண்டுபிடித்தால், அந்த இடத்தை மட்டும் அகற்றிவிட்டுத் தொடர்ந்து கண்காணிக்கலாம். கண்ணாடி முன் நின்று நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்பக்கம், ஈறு ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை போடும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.