பெயர் மறைந்தாலும் தவணை மறைவதில்லை: டாட்சன் காரின் வரலாறு

வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் கடன் பெற்று வாங்கும் பெரிய பொருள் கார். காட்சியகத்தின் வாயிலைத் தாண்டிய நாளிலிருந்தே அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை வண்டியின் உழைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் சந்தையில் எத்தனை காலம் நிலைத்து நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. கார் வாங்குவோர் இயந்திரத்தோடு ஒரு பெயரையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு டாட்சன் என்னும் ஜப்பானியப் பெயர். நூற்றாண்டு வேர் கொண்ட அப்பெயர் இருமுறை சந்தையிலிருந்து விலகியது. முதன்முறை விலகியபோது உரிமையாளர்களுக்குப் பெரிய இழப்பில்லை. இரண்டாம் முறை விலகியது நம் நாட்டில். அப்போது பல குடும்பங்களின் தவணை இன்னும் முடிந்திருக்கவில்லை. இவ்விரு விலகல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, கார்க்கடன் பெற எண்ணும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

மூவர் பெயரில் பிறந்த கார்

1911ஆம் ஆண்டில் மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்னும் பொறியாளர் டோக்கியோவில் குவாய்ஷின்ஷா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குத் துணை நின்றவர்கள் கென்ஜிரோ டென், ரொகுரோ அவோயாமா, மெய்டாரோ டாக்கேயுச்சி ஆகிய மூவர். இம்மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 1914இல் உருவான காருக்கு ‘டாட்’ எனப் பெயரிட்டனர். பாய்ந்தோடும் முயலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் ஒலியும் அப்பெயரில் இருந்தது.

500 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சின் கொண்ட சிறு கார்களை ஓட்டுநர் உரிமம் இன்றியே ஓட்டலாம் என்று 1930இல் ஜப்பானில் விதி வந்தது. அந்த வாய்ப்பை நோக்கி 1931இல் ஒரு சிறிய கார் உருவாக்கப்பட்டது. பெரிய காரான டாட்டின் பிள்ளை என்னும் பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இணைத்துப் பெயர் வைத்தனர். ஆனால் அந்த இறுதி அசையை ஜப்பானியர் ‘சொன்’ என்று ஒலித்தால் அவர்கள் மொழியில் ‘நட்டம்’ என்று பொருள்படும். விற்பனைக்கு வரும் பொருளின் பெயரிலேயே நட்டம் இருப்பதா என்று எண்ணி, ஞாயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அங்கே வைத்தனர். டாட்சன் என்ற பெயர் இவ்வாறு நிலைபெற்றது.

1933ஆம் ஆண்டின் இறுதியில் தொழிலதிபர் யோஷிசுகே ஐக்காவா தொடங்கிய நிறுவனத்தின் கைக்கு டாட்சன் வந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் நிஸான் மோட்டார் எனப் பெயர் பெற்றது. 1935 முதல் யோகஹாமா ஆலையின் தொடர் உற்பத்தி வரிசையிலிருந்து டாட்சன் கார்கள் வெளிவரலாயின.

பெயர் போயும் காவல் போகாத காலம்

போருக்குப் பின் டாட்சன் கடல் கடந்தது. 1958இல் அமெரிக்காவில் அறிமுகமானது. 1960களின் இறுதியில் வந்த 510 என்னும் நான்கு கதவுக் காரும், 240இசட் என்னும் விளையாட்டு வகைக் காரும் அதற்குப் பெரும்பெயர் தேடித் தந்தன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை உயர்ந்தபோது, குறைந்த எரிபொருளில் ஓடும் ஜப்பானியச் சிறு கார்களை மேலை நாட்டவர் நாடினர். டாட்சனும் அதனால் பயன் பெற்றது.

இந்நிலையில் 1981இல் நிஸான் நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. உலகெங்கும் தன் கார்கள் நிஸான் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் என்றும், டாட்சன் என்ற பெயர் படிப்படியாக விலக்கப்படும் என்றும் கூறியது. 1980களின் நடுப்பகுதிக்குள் அப்பெயர் சந்தையிலிருந்து நீங்கியது.

அன்று டாட்சன் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வண்டியின் முகப்பில் இருந்த பெயர் பழையதாயிற்று. ஆனால் அதே நிறுவனம், அதே வகைக் கார்களை வேறு பெயரில் தொடர்ந்து விற்றது. பழுது பார்க்கும் நிலையங்களும் நீடித்தன. பெயர்ப்பலகைதான் மாறியது. கடையை யாரும் மூடிவிடவில்லை.

இந்தியாவில் மறுபிறப்பு

2012 மார்ச்சில் நிஸானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோன், டாட்சன் பெயர் மீண்டும் வரும் என அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் முதன்முறையாகக் கார் வாங்குவோரே இலக்கு. 2013 ஜூலையில் புதுதில்லியில் ‘கோ’ என்னும் மாதிரி காட்சிக்கு வந்தது. 2014 மார்ச்சில் விற்பனை தொடங்கியபோது அதன் தொடக்க விலை தில்லிக் காட்சியக விலையாக ரூ. 3.12 லட்சம். சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ - நிஸான் ஆலையில் அது தயாரானது. 2015இல் மூன்று வரிசை இருக்கை கொண்ட ‘கோ பிளஸ்’ வந்தது. 2016இல் அதனினும் சிறிய ‘ரெடி-கோ’ ரூ. 2.39 லட்சம் தொடக்க விலையில் வந்தது.

இவற்றை வாங்கியோர் பெரிதும் பாராட்டியது இடவசதியை. அவ்விலைக்குக் கிடைத்த பிற கார்களோடு ஒப்பிடுகையில் ‘கோ’ அகலமானது; பின்னிருக்கையில் கால் நீட்டி அமர முடிந்தது. கியர்த்தண்டு தரையிலிருந்து எழாமல் முகப்புப் பலகையிலிருந்து நீண்டதால் முன்னிருக்கைகளுக்கிடையே இடம் மிஞ்சியது. நிஸான் மைக்ராவில் இருந்த அதே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் எடை குறைந்த இந்த உடலைச் சுறுசுறுப்பாக இழுத்தது. ரெடி-கோவில் 185 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருந்ததால் மேடு பள்ளமான தெருக்களில் அடி தட்டாது என்பது அதன் உரிமையாளர்களின் நிறைவு.

விலையைக் குறைக்க எதையெல்லாம் விட்டிருந்தனர் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். ஒலிப்பெட்டிக்கு மாற்றாகக் கைப்பேசியைப் பொருத்தும் தாங்கி. தொடக்ககால மாதிரிகளில் காற்றுப்பையும் இல்லை. திடீர்த் தடையின்போது சக்கரம் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் இல்லை. ஒரு வைப்பர் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்ன இரண்டும் உயிரோடு தொடர்புடையவை.

விலைப்பட்டியலில் வராத செலவு

2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு டாட்சன் கோவை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்கு ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. உடற்கூடே நிலைகுலைந்ததால் காற்றுப்பை சேர்த்தாலும் போதிய பயன் இராது என அவ்வமைப்பு கூறியது. இந்திய விற்பனையிலிருந்து காரைத் திரும்பப் பெறுமாறு நிஸான் தலைவருக்கு அதன் தலைவர் மாக்ஸ் மோஸ்லி கடிதமும் எழுதினார். தன் கார் இந்திய விதிகளுக்கு உட்பட்டதே என்று நிறுவனம் விடையளித்தது. அதுவும் உண்மையே. அன்று நம் நாட்டில் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை.

புதிய மாதிரிகளுக்கு 2017 அக்டோபரிலும், விற்பனையில் இருந்த அனைத்து மாதிரிகளுக்கும் 2019 அக்டோபரிலும் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. 2018இல் புதுப்பிக்கப்பட்ட கோவில் இரண்டு காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ். அமைப்பும் இடம்பெற்றன. எனவே பழைய கார் வாங்க முனைவோர் மாதிரியின் பெயரோடு நின்றுவிடாமல் தயாரிப்பு ஆண்டையும் கட்டாயம் பார்த்தல் வேண்டும். ஒரே பெயர் தாங்கிய இரு வண்டிகள் பாதுகாப்பில் பெரிதும் வேறுபடக்கூடும்.

இரண்டாம் விலகல்

இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் டாட்சன் விற்பனை 2020இல் முடிவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில், சென்னை ஆலையில் ரெடி-கோ தயாரிப்பு நின்றுவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. இந்தியாவில் எட்டே ஆண்டுகளில் அப்பெயர் முடிந்தது. ஏற்கெனவே வாங்கியோருக்குப் பராமரிப்பு, உதிரிப்பாகம், உத்தரவாதம் ஆகியவை நிஸான் முகவர்கள் வழியே தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்தது. ஆனால் 1980களைப் போல அதே காரை வேறு பெயரில் விற்கும் ஏற்பாடு இம்முறை இல்லை. மாதிரியும் முடிந்தது, பெயரும் முடிந்தது.

2020இல் ஏழாண்டுத் தவணையில் ரெடி-கோ வாங்கிய ஒருவருக்கு, பெயர் மறைந்த நாளில் இன்னும் ஐந்தாண்டுத் தவணை மீதம். அதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். காட்சியக விலை ரூ. 4.50 லட்சம், கடன் ரூ. 4 லட்சம், ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்.

ஏழாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 6,436. ஐந்தாண்டுக்கு ரூ. 8,303. முதலாவது எளிதாகத் தோன்றும். ஆனால் மூன்றாண்டு தவறாமல் கட்டிய பிறகு, ஏழாண்டுக் கடனில் நிற்கும் அசல் ஏறத்தாழ ரூ. 2.59 லட்சம், ஐந்தாண்டுக் கடனில் ரூ. 1.82 லட்சம். மொத்த வட்டியிலும் ஏழாண்டுக்காரர் சுமார் ரூ. 42,000 கூடுதலாகக் கட்டுவார்.

இப்போது வண்டியின் மதிப்பைப் பார்ப்போம். மோட்டார் காப்பீட்டில் ஐ.டி.வி. எனப்படும் மதிப்புக்கு ஓர் அட்டவணை உண்டு. மூன்றாண்டு கடந்து நான்காம் ஆண்டில் இருக்கும் வண்டிக்கு 40 விழுக்காடு தேய்மானம். அதன்படி நம் எடுத்துக்காட்டுக் காரின் மதிப்பு ரூ. 2.70 லட்சம். ஆனால் தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்கு இவ்வட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. அத்தொகை ரூ. 2.20 லட்சமாக அமைந்து, வண்டி விபத்தில் முற்றிலும் சிதைந்தால், ஏழாண்டுக்காரர் வண்டியையும் இழந்து ஏறத்தாழ ரூ. 39,000 கடனையும் கைக்காசில் அடைக்க நேரும். ஐந்தாண்டுக்காரருக்குக் கடன் தீர்ந்து சுமார் ரூ. 38,000 மிஞ்சும். வண்டி ஒன்றே, விபத்தும் ஒன்றே. கடனின் காலம்தான் வேறு.

இது டாட்சனோடு நிற்பதன்று. ஷெவ்ரோலே கார்கள் 2017இல் இந்திய விற்பனையிலிருந்து விலகின. 2021இல் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எந்தப் பெயர் எப்போது விலகும் என்பதை வாங்குவோர் கணிக்க இயலாது. விலகினாலும் தம் குடும்பம் தடுமாறாதபடி கடனை அமைத்துக்கொள்ள இயலும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடனின் காலத்தை, மாதத் தவணையின் எளிமையை மட்டும் கருதி முடிவு செய்யாதீர்கள். முன்பணத்தைச் சற்றுக் கூட்டி, காலத்தைக் குறைப்பதே நிற்கும் அசலை வண்டியின் மதிப்புக்குக் கீழே வைத்திருக்கும் வழி.

தங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் அந்நிறுவனத்தின் பழுது பார்க்கும் நிலையம் உள்ளது, அருகிலுள்ளது மூடப்பட்டால் அடுத்தது எங்கே என்று கேளுங்கள். எஞ்சின் வேறு மாதிரிகளோடு பொதுவானதா என்றும் விசாரியுங்கள். ரெடி-கோவின் எஞ்சின் ரெனோ க்விட் காரோடு பொதுவானது. அத்தகைய பாகங்கள் பெயர் மறைந்த பின்னும் கிடைப்பது எளிது. கதவு, விளக்கு, பம்பர் போன்றவை அந்தந்த மாதிரிக்கே உரியவை.

பாதுகாப்பு மதிப்பீட்டைப் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுத் திட்டமே நட்சத்திர மதிப்பீடு வழங்கி வருகிறது.

தயாரிப்பு நின்ற கார் தங்களிடம் இருப்பின்

காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. தொகையைப் படித்துப் பார்த்து, குறைவெனத் தோன்றினால் பேசி உயர்த்திக் கேளுங்கள். தொகை குறைந்தால் பிரீமியம் சிறிது குறையும் என்பதற்காக இசைந்துவிட வேண்டாம். கையில் உபரிப்பணம் வரும்போது அசலில் ஒரு பகுதியை அடைத்துவிடுங்கள். சொந்தத் தேவைக்காகத் தனிநபர் மாறும் வட்டியில் பெற்ற கடனை முன்கூட்டி அடைத்தால் அதற்குத் தனிக்கட்டணம் வசூலிக்க ரிசர்வ் வங்கி இடந்தருவதில்லை. நிலையான வட்டிக் கடனாயின் ஒப்பந்தத்தில் உள்ளதைப் பார்த்துக்கொள்க.

கடன் முடிந்ததும் வங்கியிலிருந்து தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து, பதிவுச் சான்றில் உள்ள வங்கியின் பிணையப் பதிவை நீக்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஆவணத்திலும் வங்கியின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். கடன் தீர்ந்தும் இதைச் செய்யாமல் விட்டவர்கள், வண்டியை விற்கும் நாளில் அலைய நேரிடுகிறது.

எந்த மாதிரியை வாங்குவது என்பது தங்கள் விருப்பம். கடன் விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் ஒன்றை மட்டும் எங்கள் கிளை அலுவலரிடம் கேளுங்கள்: மூன்றாண்டு கழித்து என் கடனில் எவ்வளவு நிற்கும்? சில நிமிடங்களில் கணக்கிட்டுச் சொல்லிவிடக்கூடிய விடை அது. அத்தொகையையும், அதே மாதிரியின் மூன்றாண்டுப் பழைய கார் இன்று விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.