ஒரு மாவட்டம், ஒரு எம்.பி.: அலைக்கு அடங்காத குமரி!

'உங்க எம்.பி. யாரு?' என்று தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் கேட்டால், 'நீங்க எந்தப் பக்கத்தைக் கேக்குறீங்க?' என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும். ஒரே மாவட்டம் இரண்டு, மூன்று தொகுதிகளாகப் பிரிந்து கிடக்கும். கன்னியாகுமரியில் அந்தக் குழப்பம் இல்லை. மேற்கே நீரோடி கடற்கரையில் கேட்டாலும், கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாயில் கேட்டாலும் ஒரே பெயர்தான். ஆறு சட்டமன்றத் தொகுதிகள், ஒரு மாவட்டம், ஒரு எம்.பி. மிசோரம், நாகாலாந்து, சிக்கிம் போன்ற மாநிலங்களுக்குத்தான் இப்படி ஒற்றை எம்.பி. உண்டு. அமெரிக்காவில் அலாஸ்காவும் வயோமிங்கும் இந்த ரகம்.

இந்த ஏற்பாடு 2009 தேர்தலில்தான் வந்தது. அதற்கு முன் இது நாகர்கோவில் தொகுதி. முக்கடல் கூடும் குமரிமுனை அதில் சேராமல், திருச்செந்தூர் தொகுதியில் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

பெயரும் எல்லையும் மாறினாலும் இந்த மண்ணின் குணம் மாறவில்லை. மாநிலம் முழுக்க ஒரு பக்கம் அலை அடித்தால், குமரி பெரும்பாலும் வேறு பக்கம் நிற்கும். அதற்கான காரணம் 1950-களில் இருக்கிறது.

அப்போது இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்கோடி. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவிலில் வென்ற நேசமணி, அகில இந்திய காங்கிரஸ் வேட்பாளர் அல்ல. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக்கட்சியில் நின்றவர். அந்தக் கட்சியின் கோரிக்கை ஒன்றே ஒன்று: தமிழர் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்க வேண்டும். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். முதல்வராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர் அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவேதான்! இன்று எந்தக் கட்சியில் இப்படி ஒரு பொதுச்செயலாளரைக் காட்ட முடியும்? பட்டம் விலகவில்லை என்பது வேறு விஷயம்.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. மற்ற மாவட்டங்களில் திராவிட இயக்கம் வேர்விட்ட அந்த ஆண்டுகளில், இங்கே மக்களைத் தெருவுக்கு இழுத்தது எல்லைப் போராட்டம். இணைந்த பிறகு அந்தப் போராட்டத் தலைவர்கள் காங்கிரஸில் கலந்தார்கள். ஓட்டும் அவர்களோடு போனது.

விளைவு 1967-ல் தெரிந்தது. தி.மு.க. அணி 39-ல் 36 இடங்களை வாரியது. காங்கிரஸுக்கு மிஞ்சிய மூன்றில் ஒன்று நேசமணியின் நாகர்கோவில். மறு ஆண்டே அவர் மறைய, 1969 ஜனவரி இடைத்தேர்தலில் களம் இறங்கியவர் காமராஜர். சொந்த ஊரான விருதுநகரில் சட்டமன்றத் தேர்தலில் தோற்றிருந்த தலைவர் அவர். தி.மு.க. ஆதரவோடு நின்ற மத்தியாஸை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1971-ல் ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி இதுதான். அதைக் கொடுத்தவரும் காமராஜர்தான். விருதுநகர் கைவிட்ட மனிதரை நாகர்கோவில் இரண்டு முறை டெல்லிக்கு அனுப்பியது.

1977-ல் அ.தி.மு.க.-காங்கிரஸ் அணி மாநிலத்தை அள்ளியபோது, இங்கே எதிரணியில் நின்ற குமரி அனந்தன் வென்றார். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் அவர். பிறகு 1980 முதல் 1998 வரை டென்னிஸ், தொடர்ந்து ஆறு முறை. முதல் நான்கு காங்கிரஸில், கடைசி இரண்டு த.மா.கா-வில்.

இன்னொரு கதையும் கூடவே நடந்தது. 1957-ல் காங்கிரஸ் எம்.பி. ஆன தாணுலிங்க நாடார், பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவர் ஆனார். 1982 மண்டைக்காடு கலவரம் ஊர்களைப் பிளந்தது. 1996-ல் பத்மநாபபுரத்தில் வேலாயுதன், தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஆனார். 1999-ல் தி.மு.க. கூட்டணியோடு பொன்.ராதாகிருஷ்ணன் எம்.பி. ஆனார். 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். தி.மு.க. தன் சொந்தச் சின்னத்தில் இங்கே வெல்ல 2009 வரை, ஹெலன் டேவிட்சன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அ.தி.மு.க-வுக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. 2014-ல் அக்கட்சி 37 இடங்களைப் பிடித்தபோதும் குமரியில் முதலிடம் பா.ஜ.க., இரண்டாமிடம் காங்கிரஸ். இரு திராவிடக் கட்சிகளும் அதற்குப் பின்னால்தான்.

'தேசியக் கட்சி எம்.பி-யால் என்ன லாபம்?' என்ற கேள்வி குமரி டீக்கடைகளுக்குப் பழசு. நாகர்கோவில் ரயில் நிலையம் இன்னும் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. மதுரைக் கோட்டத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2014-ல் எம்.பி. மத்திய இணையமைச்சரே ஆனார். ஆனால், இனயம் துறைமுகத் திட்டத்தைக் கடற்கரை ஊர்கள் எதிர்த்தன.

அதன்பின் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. ஆழ்கடலுக்குப் போன தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் திரும்பவில்லை. தேடச் சொல்லி, டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது சில மீனவ ஊர்களில், தங்களைக் கேரளாவோடு சேர்த்துவிடும்படி ஒரு குரலும் எழுந்தது. புதுக்கடையில் துப்பாக்கிக் குண்டு வாங்கித் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே விளவங்கோடு மண்ணில்!

2019-ல் காங்கிரஸின் வசந்தகுமார், குமரி அனந்தனின் தம்பி, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 2020 ஆகஸ்டில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. 2021 இடைத்தேர்தலிலும் 2024-லும் அவருடைய மகன் விஜய் வசந்த் ஜெயித்தார். நாகர்கோவில் ஜங்ஷன் இன்னும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது.