லிப் ஃபில்லர் போடப் போறீங்களா? பணம் கட்டும் முன்னாடி இந்த 5 கேள்விகளைக் கேளுங்க



முகூர்த்த சீசன் வந்தாலே பிரைடல் பேக்கேஜ் விளம்பரங்களும் வந்துடும். உதட்டுக்கு ஃபில்லர், கன்னத்துக்கு ஃபில்லர், பாதி விலை, வட்டியில்லா ஈ.எம்.ஐ! போடலாமா வேண்டாமா என்பது உங்க விருப்பம். நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். அதனால ஒரு பணக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதுல ஏதாவது தப்பாப் போனா, அந்தச் செலவை யார் ஏத்துக்குவாங்க?

பெரும்பாலும் நீங்கதான். காரணத்தைப் பார்ப்போம்.

இன்ஷூரன்ஸ் கை கொடுக்குமா?

உங்க ஹெல்த் பாலிசியில விலக்குகள் பட்டியலை எடுத்துப் பாருங்க. தோற்றத்தை மாத்துறதுக்கான சிகிச்சை அதுல இருக்கும். இது ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்த பொது விலக்கு, அதனால கம்பெனி மாறினாலும் இது மாறாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கும், உடலுக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்க அவசியம்னு டாக்டர் சான்று கொடுக்கும் சிகிச்சைக்கும் மட்டும்தான் கவர் உண்டு. ஃபில்லரால வந்த பாதிப்புக்கு கிளெய்ம் போட்டா, அந்தச் சான்றை வைத்துத்தான் நீங்க வாதாட வேண்டியிருக்கும்.

உண்மையான செலவு எவ்வளவு?

ஒரு சிரிஞ்ச் 20,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். காஸ்மெட்டிக் சர்ஜரிக்கு மருத்துவச் சேவைக்கான ஜி.எஸ்.டி விலக்கு கிடையாது. அதனால அதுக்கு மேல வரியும் சேரும். அதிகம் பயன்படும் ஹையலுரானிக் ஆசிட் ஃபில்லர் பொதுவா 6 முதல் 12 மாசத்துல கரைஞ்சிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போட்டாலே 3 வருஷத்துக்கு வரி இல்லாமலே 60,000. அதாவது, இது ஒரு தடவை செலவு இல்லை. ஈ.எம்.ஐ முடியும்போது ஃபில்லரும் முடிஞ்சிருக்கும்.

என்ன தப்பாப் போகலாம்?

லேசான வீக்கமும் ரத்தக்கட்டும் சகஜம், சில நாள்ல சரியாகிடும். சிலருக்கு மாசக்கணக்கு கழிச்சுக் கட்டி வரும். ரொம்ப அரிதா, ஆனா ரொம்பத் தீவிரமா நடப்பது ஒண்ணு இருக்கு: மருந்து ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கிறது. அப்போ தோல் அழுகலாம், கண்ணுக்குப் போகும் குழாய் அடைஞ்சா பார்வையே போகலாம். புருவ நடு, மூக்கு, நெற்றி எல்லாம் இதுல ஆபத்து அதிகமான இடங்கள்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ஊசி போடப்போறது யார்? பேர், பதிவு எண் கேளுங்க. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? மாநில மருத்துவக் கவுன்சில் பதிவில சரிபாருங்க. கன்சல்டேஷன் ஒரு டாக்டர், ஊசி வேறொருத்தர்னா எழுந்து வந்துடுங்க.

2. என்ன மருந்து? சீல் உடைக்காத பெட்டியை உங்க கண் முன்னாடி பிரிக்கணும். பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதியை போட்டோ எடுத்துக்கோங்க. ஊசியில்லாம அழுத்தத்தால மருந்தை ஏத்தும் 'பென்' கருவிகள் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2021-லேயே அதைப் பற்றி எச்சரிச்சிருக்கு.

3. ஹையலுரானிடேஸ் இப்போ இங்கே ஸ்டாக் இருக்கா? ஹையலுரானிக் ஆசிட் ஃபில்லரைக் கரைக்கிற மருந்து இதுதான். மத்த வகை ஃபில்லர்களை இது கரைக்காது. "வேணும்னா வாங்கிக்கலாம்" என்பது பதில் இல்லை, அடைப்பு வந்தா அதுக்கு நேரம் இருக்காது.

4. ராத்திரி 11 மணிக்குப் பிரச்னைன்னா யாரைக் கூப்பிடணும்? ரிசப்ஷன் நம்பர் போதாது. கண் பாதிச்சா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்கன்னும் கேளுங்க.

5. பேக்கேஜ் விலையில ஃபாலோ-அப், கரைக்கிற செலவு எல்லாம் சேர்ந்திருக்கா? எழுத்துல வாங்குங்க.

உங்க பக்கமிருந்தும் ஒளிக்காம சொல்லணும்: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அலர்ஜி, வாயோரம் அடிக்கடி வரும் கொப்புளம், கர்ப்பம், தாய்ப்பால், முன்னாடி போட்ட ஃபில்லர். கல்யாணத்துக்கு 3 நாள் முன்னாடி போய் உட்காராதீங்க. குறைஞ்சது சில வாரமாவது இடைவெளி விடுங்க.

பில் இல்லாம பணம் கொடுக்காதீங்க

"கேஷா கொடுத்தா ஜி.எஸ்.டி இல்லை"ன்னு சொல்வாங்க. வரி மிச்சம், ஆனா சிகிச்சை நடந்ததுக்கே ஆதாரம் இருக்காது. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பு சொல்லிடுச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைன்னா புகார்க் கட்டணமே இல்லை. ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். பில், கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், பேட்ச் எண், முன்-பின் போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வையுங்க. மருத்துவப் பதிவேட்டைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் தரணும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

இந்த அறிகுறி வந்தா காத்திருக்காதீங்க

தோல் திடீர்னு வெளுக்குது, வலை மாதிரி நீலத் திட்டு வருது, வலி ஏறிக்கிட்டே போகுது, பார்வை மங்குது. இதுல எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க. மரத்துப்போகும் மருந்தால வலி தெரியாமலும் இருக்கலாம், அதனால நிறத்தைக் கவனிங்க. கண்ணுல பிரச்னைன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அவசர சிகிச்சைக்குப் போங்க. பில், பாலிசி, புகார் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

நல்ல கிளினிக் இந்த 5 கேள்விக்கும் கோபப்படாம பதில் சொல்லும். முகம் சுளிச்சா, அட்வான்ஸ் கட்டாம கிளம்பிடுங்க. பேக்கேஜ் புக் பண்ணப்போற உங்க தங்கச்சிக்கும் தோழிக்கும் இதை அனுப்பி வையுங்க.